கலப்புச் செம்மறிப் பெட்டைகளுக்கு மேச்சேரிக் கிடா: ஒரு மதிப்பீடு

பல இனங்கள் கலந்துபோன செம்மறி மந்தையை மேய்ச்சலை நம்பியே வளர்ப்பவருக்கு, பொலிகிடாவாக (இனப்பெருக்கத்துக்கான ஆண் ஆடாக) நான் பரிந்துரைப்பது மேச்சேரி இனத்தையே. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இவ்வினத்துக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. அந்த வழியில் வந்த கிடா எங்கள் பெட்டைகளுடன் சேர்ந்தபின், குட்டிகள் பெரும்பாலும் இளம்பழுப்பு நிறமும் குட்டை முடியும் ஒத்த உடற்கட்டும் கொண்டு பிறப்பது பெரும் மகிழ்ச்சி தருகிறது. இதன் தோலும் தரத்துக்குப் பெயர்பெற்றது.

உயரமும் எடையும் வேண்டுவோர் நெல்லூர்க் கிடாவை நாடுவது இயல்பே. ஆயினும் சிறிய உடலுள்ள பெட்டைகளுக்கு, அதிலும் முதல் ஈற்றுக்கு, பெரிய கிடாவைச் சேர்ப்பது ஈற்றைக் கடினமாக்கக்கூடும் என்பதால், அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு போன்ற சத்துமிகு தீவனம்) கொடுக்க வசதியுள்ளவரும் நன்கு வளர்ந்த பெட்டைகளை வைத்திருப்பவருமே அதைத் தேர்வது நல்லது. மேச்சேரிக்குக் கொம்பில்லை, கொம்புக் கிடா கேட்டு வரும் பக்ரீத் வியாபாரிகள் இதைத் தவிர்ப்பது ஒரு குறைதான்.

எந்த இனமாயினும் கிடாவின் விரைகள் இரண்டும் சமமாகத் திரண்டிருக்கின்றனவா, பின்னங்கால்கள் உறுதியாக உள்ளனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அதை மாற்றிவிட வேண்டும்.