தோவாளைப் பூ விலை ஆப்: நாலு விதமாக ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் கூடுவோம். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்காக ஒரு மாதிரி ஆப் எழுதி வைத்திருக்கிறேன். தோவாளைச் சந்தையின் அன்றைய பூ விலையைப் பதியலாம், பட்டியலாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். எழுதியது நோட்ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்), பின்னால் தரவைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எழுத அரை நாள் ஆனது. அதை மற்றவர்கள் லேப்டாப்பில் ஓட வைக்க மூன்று வாரம் போனது. "அண்ணே, இது ஓட மாட்டேங்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்றைக்குப் பாடம் அதோடு நின்றுவிடும். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ரீட்மீ, அதாவது எப்படி நிறுவி ஓட்டுவது என்று சொல்லும் குறிப்புக் கோப்பு. போஸ்ட்கிரெஸ் நிறுவு, யூசர் உருவாக்கு, பாஸ்வேர்டை என்வ் என்ற அமைப்புக் கோப்பில் எழுது, பிறகு ஆப்புக்கு வேண்டிய துணை நிரல்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் என்று பதினோரு படி எழுதியிருந்தேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு படியில் நின்றார்கள். ஒருவரிடம் பழைய நோட், இன்னொருவரிடம் ஏற்கெனவே வேறொரு போஸ்ட்கிரெஸ் 5432 போர்ட்டை (போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பேசும் வாசல் எண்) பிடித்து உட்கார்ந்திருந்தது. தரவுத்தளம் நிறுவுவதே பாடம் என்றால் இந்த வழி நல்லது. எங்கள் பாடம் அதுவல்ல.

அடுத்து டாக்கர் கம்போஸ். ஒரு நிரலை அதற்கு வேண்டிய எல்லாவற்றோடும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது டாக்கர்; பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்புவது கம்போஸ். ஆப், தரவுத்தளம் இரண்டையும் ஒரே கோப்பில் விவரித்துவிட்டு 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரு வரி அடித்தால் போதும். பதிப்பு வேறுபாடு என்ற பேச்சே எழாது. ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது. விண்டோஸில், அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டப்ள்யூஎஸ்எல் 2 வேண்டும், பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப்பும் எடிட்டரும் பிரவுசரும் சேர்ந்தால் மெஷின் மூச்சு வாங்கும்.

டேட்டா இன்னொரு சிக்கல். நோட்டின் முழு இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) விரித்தால் ஒரு ஜிபியைத் தொடும். குளச்சலிலிருந்து வரும் பிள்ளை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்கினால் அன்றைய டேட்டா முடிந்தது. நான் இப்போது 'டாக்கர் சேவ்' மூலம் இமேஜ்களைப் பென் டிரைவில் எடுத்து வைக்கிறேன், அவர்கள் 'டாக்கர் லோட்' செய்துகொள்கிறார்கள். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் கட்டிய இமேஜுக்கு மாறியதும் அளவு இன்னும் குறைந்தது.

கம்போஸில் நாங்கள் பட்ட இரண்டு பாடுகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, தரவுத்தளம் தயாராகும் முன்பே ஆப் எழுந்து, இணைப்பு கிடைக்காமல் விழுந்துவிடும். இரண்டாம் முறை ஓட்டினால் சரியாக வரும், அதனால் எழுதியவர் கண்ணில் படாது. டிபெண்ட்ஸ்-ஆன் என்று மட்டும் எழுதினால் கன்டெய்னர் தொடங்கியதா என்று பார்க்குமே தவிர, உள்ளே போஸ்ட்கிரெஸ் பேசத் தயாரா என்று பார்க்காது. தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, சர்வீஸ் ஹெல்தி என்ற நிபந்தனையும் சேர்த்தால்தான் தீரும். மற்றொன்று வரிமுடிவு. விண்டோஸில், கோடைப் பகிரும் மென்பொருளான கிட் இறக்கும்போது ஷெல் ஸ்கிரிப்டின் வரிமுடிவை மாற்றிவிட்டது. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது கன்டெய்னர். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

மூன்றாவது கிட்ஹப் கோட்ஸ்பேசஸ், அதாவது நெட் வழியாக கிட்ஹப் தரும் மெஷின். என்னென்ன வேண்டும் என்று சொல்லும் டெவ்கன்டெய்னர் கோப்பு ஒன்றை ரிப்போவில் (கோடு வைத்திருக்கும் இடம்) வைத்தால், பிரவுசரிலேயே எல்லாம் தயாராகித் திறக்கும். பழைய லேப்டாப்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம். இரண்டு கோர் மெஷின் என்றால் 60 மணி நேரம், கற்றுக்கொள்ளத் தாராளம். போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி தருவதால், கோடில் லோக்கல்ஹோஸ்ட் (சொந்த மெஷினின் முகவரி) என்று நேரடியாக எழுதிய இடமெல்லாம் உடையும். அதைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது மழைதான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கரண்டோடு நெட்டும் போனால் கோட்ஸ்பேசஸும் போய்விடும்.

கடைசியாக, போஸ்ட்கிரெஸையே கழற்றிவிட்டு எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம். நோட் 22-இன் பிந்தைய பதிப்புகளில் அது கூடவே வருகிறது. தரவு எல்லாம் ஒரே கோப்பு. 4 ஜிபி மெஷினிலும் ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடும். இதுதான் முடிவான வழி என்று நினைத்திருந்தேன். அப்போது ஒரு பிள்ளை, "மனோரஞ்சிதம் ஏன் மல்லிகைக்கு முன்னாடி வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து, லகரத்துக்கு முன்பே இருக்கிறது. எஸ்க்யூலைட் வழக்கமாக அந்த எண் வரிசைப்படியே அடுக்கும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற மொழி நூலகத்தின் தமிழ் வரிசையைக் குறிப்பிட்டுக் கேட்டால் மல்லிகை முன்னால் வரும். ஓட்டுவதை எளிதாக்கப் போய், தமிழ்ப் பிள்ளைகளுக்கான ஆப்பில் தமிழ் அகரவரிசையையே தவறவிட்டிருந்தேன்.

அதனால் என் ரிப்போவில் இப்போது இரண்டு வழி இருக்கிறது. முதல் நாள் எல்லாருக்கும் எஸ்க்யூலைட். வரிசைப்படுத்தும் பாடம் வரும் வாரத்திலிருந்து கம்போஸ், ஆனால் தரவுத்தளம் மட்டும்தான் கன்டெய்னரில், ஆப் நேரடியாக லேப்டாப்பில் ஓடும். 8 ஜிபி இருந்தால் போதும். அதுவும் இல்லாதவர்களுக்குக் கோட்ஸ்பேசஸ் சுட்டி. ரீட்மீ மூன்று வரியாகச் சுருங்கிவிட்டது.

வெள்ளி இரவு நானே புது ஃபோல்டரில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன். அதற்கு முன் 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு வால்யூமை (கன்டெய்னரின் தரவு தங்கும் இடம்) அழிக்கும் 'வி' குறியையும் மறக்காமல் சேர்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் இமேஜில் தொடக்கத் தரவை ஏற்றும் ஸ்கிரிப்ட், தரவு ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டுமே ஓடும். பழைய வால்யூம் இருந்தால், அந்த ஸ்கிரிப்ட் உடைந்திருந்தாலும் என் மெஷினில் பூ விலை வரும், பிள்ளைகளுக்குக் காலிப் பட்டியல்தான் வரும்.