வலென்சியா: வெயில் ஊரில் குளிரும் வீடு

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் படுக்கையறைப் பெர்சியானாவின் நாடா அறுந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கடை ஷட்டர் போலச் சுருண்டு ஏறி இறங்கும் பிளாஸ்டிக் திரைக்குத்தான் இங்கே பெர்சியானா என்று பெயர். சுவரோரம் தொங்கும் நாடாவை இழுத்தால் மேலே ஏறும். ஆறு வருடமாக நான் தினமும் இழுத்த நாடா. ஓரமெல்லாம் நைந்து, பிசிறடித்து, கடைசியில் நாலைந்து நூலில் நின்றிருக்கிறது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. பட்டிகள் தடாலென்று இறங்கி ஜன்னலை அடைத்துக்கொண்டன. வெளியே பளிச்சென்று வெயில். உள்ளே இருட்டு, 13 டிகிரி குளிர்.

அன்று சாயங்காலம் பார்த்து சித்தி பெண் வாட்ஸாப்பில் கேட்டாள்: "அக்கா, பிப்ரவரியில் பத்து நாள் லீவு கிடைக்கும். ஸ்பெயினில் வெயில், கடல் எல்லாம் இருக்கிற ஊராகப் போகணும். நீ இருக்கிற ஊருக்கே வரட்டுமா? ஒரு மாசம் வீடு எடுத்துத் தங்குகிற மாதிரியும் யோசனை இருக்கு."

இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன். உடனே பதில் சொல்ல முடியவில்லை. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடக்கூடாது என்று மூன்று நாள் பொறுத்தேன். அவளைப் போல நினைக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. வலென்சியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,700 மணி நேரம் வெயில் அடிக்கிறது. ஜனவரி மதியத்தில்கூட வெளியே 16, 17 டிகிரி இருக்கும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் 2019இல் நாங்களும் வந்தோம். அந்த வெயில் வீட்டுக்குள் வராது என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் வீடு பெனிமக்லெத் பகுதியில் மூன்றாவது மாடி. இரண்டு அறைகள் தெஸ்லுனாதோவைப் பார்த்திருக்கின்றன. கட்டடத்துக்கு நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று விட்டிருக்கும் குழி போன்ற இடத்துக்கு இந்த ஊரில் சொல்கிற பெயர் அது. தரை முழுக்க மொசைக் கல். ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். சுவரில் ஹீட்டர் கிடையாது. கடலோர ஈரக்காற்று வேறு. டிசம்பர் பாதியிலிருந்து உப்பு ஜாடியில் உப்பு கட்டிக்கொள்ளும். காய்ந்த துணியை மடித்து வைத்தால் மறுநாள் தொட ஈரமாக இருக்கும். ஒவ்வொரு ஜனவரியும் அலமாரியை நகர்த்தி, பின்னால் சுவரில் பூத்திருக்கும் கரும்பூஞ்சையை பிளீச் போட்டுத் தேய்ப்பது என் வேலை. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினோம். காலையில் அதன் தொட்டியை இழுத்தால் ததும்பத் ததும்பத் தண்ணீர் இருக்கும். நாங்கள் இரவெல்லாம் மூச்சில் இழுத்த காற்றில் இவ்வளவு தண்ணீரா என்று இன்றும் அதைக் கொட்டும்போது மனசு கலங்குகிறது.

வெள்ளிக்கிழமைதான் பெர்சியானா ரிப்பேர்காரர் வந்தார். நாடா போன்ற தேய்மானச் செலவெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு என்று இங்கே சட்டமே சொல்கிறது. அதனால் வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. ரிப்பேர்காரர் நாற்காலி போட்டு ஏறி, ஜன்னலுக்கு மேலே சுவரோடு இருக்கும் மரப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். திரை சுருண்டு போய் உட்காருகிற பெட்டி அது. நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு உருளை, ஒரு பழைய குருவிக்கூடு, அதற்குப் பின்னால் விரற்கடை அகலத்துக்கு நீல வானம். வானமேதான். ஆறு குளிர்காலமாக நான் காசைக் கொட்டிச் சூடாக்கிய காற்றெல்லாம் அந்த இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது.

"கட்டடம் எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"1968."

"அப்போ சரி. 79க்கு முன்னாடி கட்டினதெல்லாம் இப்படித்தான்" என்றார். பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. கட்டடங்களில் வெப்பம் தங்குவதற்கான காப்பு வேண்டும் என்று ஸ்பெயினில் விதி வந்ததே 1979இல்தான். அதற்கு முன்பு, 1960களிலும் 70களிலும், நகரம் வேகமாக வளர்ந்தபோது எழும்பிய கட்டடங்கள்தான் நாங்கள் குடியிருக்கும் தெருக்கள் முழுக்க. வெயில் ஊர்தானே என்று சுவரையும் ஜன்னலையும் மெல்லிசாக வைத்துவிட்டார்கள். அதற்கான விலையைக் குடியிருப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ரிப்பேர்காரர் புது நாடா போட்டார். பெட்டிக்குள் ஃபோம் அட்டையை அளவாக வெட்டி வளைத்துச் சொருகினார். நாற்பது நிமிட வேலை. அன்று இரவு அறையில் 15 டிகிரி. ஆறு வருடம் முன்பே செய்திருக்கலாமே என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் குளிர்காலத்தில் நான் ஒரேயடியாக நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டுப் பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வட்ட மேசை, அதன்மேல் தரைவரை தொங்கும் கனத்த துணி, துணிக்குள்ளே சின்ன ஹீட்டர். காலை உள்ளே விட்டு, துணியை மடிமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். முழங்காலிலிருந்து சூடு மெல்ல ஏறியது. "காலை நேரத்தில் வீட்டுக்குள் ஏன் உட்காருகிறாய்? வெளியே போய் வெயில் படும் பக்கத்தில் நில். வீடு தூங்கத்தான்" என்றார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான்.

அதற்கப்புறம் ஊரைப் பார்க்கும் விதமே மாறியது. பத்து, பத்தரைக்கு பார்களின் வாசலில், வெயில் விழும் மேசைகளில் மட்டும் கூட்டம் இருப்பது கண்ணில் பட்டது. எஸ்மொர்சரெத் என்பார்கள். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஒரு முழுச் சாப்பாடு. முழங்கை நீள ரொட்டிக்குள் ஆம்லெட்டோ கறியோ, பக்கத்தில் ஆலிவ், தோலோடு வறுத்த வேர்க்கடலை. முடிவில் க்ரெமாயெத்: ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், காப்பிக் கொட்டை போட்டுக் கொளுத்தி, தீ அடங்கியதும் காப்பியை ஊற்றுவார்கள். நான் குடிப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டை வாசனைக்காகவே பக்கத்து மேசையில் உட்காருவேன். பெயின்டர், பிளம்பர், ஆபீஸ்காரர் எல்லாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். அவசரம் என்பது எவர் முகத்திலும் இருக்காது.

அப்புறம் ஆறு. வலென்சியாவுக்கு வர ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் கடலைச் சொல்ல மாட்டேன், இல்லாத ஆற்றைச் சொல்வேன். 1957 அக்டோபர் 14ஆம் தேதி துரியா ஆறு பெருகி நகரத்துக்குள் புகுந்தது. நிறையப் பேர் இறந்தார்கள். அதன்பின் நகரத்துக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பழைய படுகையில் அகலச்சாலை போடுவதாகத்தான் திட்டம். "படுகை எங்களுடையது, பச்சையாக வேண்டும்" என்று மக்கள் நின்றார்கள். 1976இல் படுகை நகரத்தின் கைக்கு வந்தது, 1980களில் தோட்டமாகத் தொடங்கியது. இன்று ஊரின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கே கடலுக்குக் கொஞ்சம் முன்வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளத்துக்கு மரமும் புல்லும்தான்.

படுகை தெருவைவிடப் பல அடி தாழ்வு. சரிவில் இறங்கும்போதே வண்டிச் சத்தம் தலைக்கு மேலே தங்கிவிடும். தண்ணீரில்லாத பழைய கல் பாலங்களுக்கு அடியில் சைக்கிள் போகும். அதில் த்ரினிதாத் பாலம் 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் வளைவுக்கடியில் ஒரு பையன் சாயங்காலங்களில் டிராம்போன் பழகுவான். ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதுவான். கல் வளைவில் பட்டு அது பெரிதாகித் திரும்பி வரும். வீட்டில் ஊதினால் தெஸ்லுனாதோ முழுக்கக் கேட்கும், பாவம், எங்கே போவான்? இங்கே அவனை ஏன் என்று கேட்க ஆளில்லை. இன்னும் கிழக்கே போனால் கதையில் வரும் கல்லிவர். 70 மீட்டர் நீளத்துக்கு மல்லாந்து கட்டிப்போட்ட ராட்சச உருவம். அவர் தலைமுடியும் சட்டை மடிப்பும் சறுக்குமரங்கள். என் மகன் நாலு வயதில் அந்தக் கையில் ஏறப் பயந்து அழுதான். இப்போது பத்து வயது, நெஞ்சிலிருந்து ஒரே சறுக்கில் கீழே வருகிறான். டிக்கெட் கிடையாது. இரவு விளையாடி முடித்து வீட்டுக்கு நடந்து போகும் குழந்தைகளைப் பார்க்கும்போது, இந்த நகரம் ஒரு நல்ல முடிவை எடுத்து அதில் உறுதியாக நின்றிருக்கிறது என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் 2024 அக்டோபர் 29க்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் முன்போல நடக்க முடியவில்லை. அன்று எங்கள் பகுதியில் மழையே இல்லை, காற்று மட்டும். இரவு 8:11க்கு அரசின் எச்சரிக்கையோடு எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. அதற்குள் தெற்கே பைபோர்த்தா, கத்தார்ரோகா போன்ற ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தது. மேட்டுநிலத்தில் கொட்டிய மழை போயோ ஓடை வழியாக இறங்கி, மழையே பெய்யாத தெருக்களில் கார்களை அடுக்கிவிட்டுப் போனது. மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களைக் காப்பாற்றியது 1957க்குப் பிறகு வெட்டிய அந்தப் புதுக் கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. நவம்பர் முதல் தேதி துடைப்பமும் வாளியுமாகப் பாலத்தைக் கடந்த ஆயிரக்கணக்கான பேரில் நானும் என் கணவரும் இருந்தோம். ஒரு வீட்டு வாசலில் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காய வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை முகம் சேற்றில் கரைந்துவிட்டது, பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது. தோட்டத்தில் சைக்கிள் விடும்போதெல்லாம் அந்த ஆல்பம் ஞாபகம் வருகிறது. சித்தி பெண்ணுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மற்ற இடங்களை வழிகாட்டிப் புத்தகமே சொல்லும். பட்டு வணிகர்களின் லோன்ஹா மண்டபம், முறுக்கிய கயிறு மாதிரித் தூண்கள், போய்ப் பார். மத்தியச் சந்தைக்குக் காலையிலேயே போ. வியாழக்கிழமையானால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் நில். எட்டு பாசன வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு வாய்க்கால் பெயரையும் சொல்லி, வழக்கு உண்டா என்று சேவகர் உரக்கக் கேட்பார். பல நூற்றாண்டுகளாக நடக்கும் தண்ணீர் நீதிமன்றம். வாதமும் தீர்ப்பும் வாய்மொழிதான். பல வாரம் வழக்கே இருக்காது, சில நிமிடங்களில் எழுந்து போய்விடுவார்கள். தண்ணீரால் வாழ்ந்து தண்ணீரால் அழுத இந்த மண்ணை அந்தச் சில நிமிடங்களில் புரிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டில் பயேயா, அகலச் சட்டியில் செய்யும் அரிசிச் சோறு. மதியம்தான் சாப்பிட வேண்டும், இரவில் ஊர்க்காரர்கள் தொட மாட்டார்கள். அசல் பயேயாவில் கோழி, முயல், பெரிய வெள்ளை அவரை, பட்டையான பச்சை பீன்ஸ் இருக்கும். அடியில் பிடித்த காந்தலுக்கு சொகர்ராத் என்று தனிப்பெயரே உண்டு. அதைச் சுரண்டிப் பங்கு போடுவார்கள். ஓர்சாத்தா குடிக்க பக்கத்து ஊரான அல்போராயாவுக்கு நடந்தே போகலாம். நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரை சேர்த்துச் சில்லென்று தருவார்கள். கடற்கரை அகலமானது, மணல் நல்ல மணல். பிப்ரவரியில் கால் நனைக்கலாம், குளிக்க முடியாது. மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா. அதற்கும் முன்பே, மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கம் அதிர வெடி வெடிப்பார்கள். சித்தி பெண் கைக்குழந்தையோடு வருவதால் பிப்ரவரியே நல்லது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மதிப்பெண் என்ன என்றால், இந்த வாரம் என்னால் 5க்கு 2தான் தர முடியும். கூட்டிப் பார்த்தால் அதிகம் வரும் என்று தெரிகிறது, ஆனாலும் என் கை 2க்குத்தான் போகிறது. ஊருக்குக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குழந்தையோடு ஒரு ஜனவரியை இந்தச் சுவர்களுக்குள் கழித்தவள் வேறு என்ன தருவாள்? மே மாதம் கேட்டிருந்தால் வேறு எண் சொல்லியிருப்பேன்.

சித்தி பெண்ணுக்கு நேற்று பதில் போட்டேன். பத்து நாள் வா, ஒரு மாதம் வேண்டாம். வீடு எடுக்காதே, சுவரில் ஹீட்டர் உள்ள ஹோட்டலாகப் பார். துரியா தோட்டத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் விடாதே. அவள் உடனே எழுதினாள்: "அவ்வளவு குளிரா அக்கா? அப்போ நீங்க ஏன் இன்னும் அதே வீட்டில் இருக்கீங்க?"

அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. மணி பத்தரை ஆகிறது, தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு வெயில் வந்துவிட்டது. போய்விட்டு வந்து எழுத வேண்டும்.