கணப்பருகே இரண்டு முதுமைகள்: ரொன்சாரும் ஷேக்ஸ்பியரும்

சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதையை யாரிடமிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், இரண்டே இரண்டு கவிதைகளை ஒரே இரவில் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். ஒன்று, பிரெஞ்சுக் கவிஞர் பியேர் தெ ரொன்சார் 1578இல் வெளியிட்ட எலெனுக்கான சானெட்டுகளில் இருப்பது. ‘நீங்கள் நன்றாக மூப்படைந்த பிறகு’ என்று தொடங்கும். இன்னொன்று, 1609இல் லண்டனில் அச்சான ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட். இரண்டிலும் நெருப்பு எரிகிறது. இரண்டிலும் முதுமை வருகிறது. யாருடைய முதுமை என்பதில்தான் வழி பிரிகிறது.

ரொன்சாரின் கவிதையில் மூப்படைவது எலென். இரவு நேரம், மெழுகுவர்த்தி வெளிச்சம். கணப்பருகே உட்கார்ந்து நூல் நூற்றபடி அவருடைய கவிதைகளைப் பாடுகிறாள். ‘நான் அழகாக இருந்த காலத்தில் ரொன்சார் என்னைப் பாடினார்’ என்று வியக்கிறாள். வேலைக் களைப்பில் பாதி உறங்கிவிட்ட பணிப்பெண்கூட அந்தப் பெயர் காதில் விழுந்ததும் விழித்துக்கொள்கிறாள். அப்போது கவிஞர் மண்ணுக்கடியில் எலும்பில்லாத ஆவியாக இளைப்பாறிக்கொண்டிருப்பார். அவளோ கிழவியாகக் கணப்பின் முன் குந்தியிருந்து, அவர் காதலை அலட்சியம் செய்ததற்காக ஏங்குவாள். அதனால் நாளைக்கென்று காத்திருக்காதீர்கள், வாழ்வின் ரோஜாக்களை இன்றே பறித்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

இந்தக் கவிதை வெளியானபோது ரொன்சாருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எலென், ராணித்தாய் காத்தரின் தெ மெடிசியின் அரண்மனை மகளிரில் ஒருத்தி. முதுமையின் வாசலில் நின்றவர் அவர், ஆனால் கவிதையில் முதுமையைச் சுமப்பவள் அவள். இதில் கொடுமை இருக்கிறது. அந்தக் கொடுமையைக் கடைசி வரி வரை ‘நீங்கள்’ என்ற மரியாதை மாறாமலே சொல்கிறார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ரத்தத்தில் ஊறிய நமக்கு இது உடனே உறைக்கும்.

ஷேக்ஸ்பியர் ‘நீ’ என்கிறார். மூப்பைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்கிறார். என்னிடம் நீ காண்பது இலையுதிர் காலம் என்று தொடங்குகிறார். மஞ்சள் இலைகள் சில, அல்லது ஒன்றுமே இல்லை. குளிரில் நடுங்கும் கிளைகள், பறவைகள் பாடிய இடத்தில் பாழடைந்த தேவாலயப் பாடகர் மண்டபம். அடுத்த நான்கு வரிகளில் அந்தி. அதற்கடுத்த நான்கில் நெருப்பு, தன் இளமையின் சாம்பல் மேலேயே படுத்துக்கிடக்கும் தணல். எலென் நெருப்பின் அருகே இருக்கிறாள். ஷேக்ஸ்பியரோ தானே நெருப்பாக அவிந்துகொண்டிருக்கிறார். இதைக் கண்டுகொண்டதால் உன் அன்பு இன்னும் வலுக்கிறது, விரைவில் விட்டுப் பிரிய வேண்டியதை நன்றாக நேசிக்கிறாய் என்று கடைசி இரண்டு வரியில் முடிக்கிறார்.

வடிவமும் இதில் பங்காற்றுகிறது. ரொன்சாரின் கவிதையில் வரிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதில் ஒரு நிறுத்தம். பதினான்கு வரிகளுக்கும் சேர்த்து ஐந்தே இயைபுகள், அதாவது வரி முடிவில் ஒத்து வரும் ஒலிகள். முதல் எட்டு வரிகளில் ஒரே இரண்டு ஒலிகள் திரும்பத் திரும்ப வந்து, அந்த அறையை மூடி வைப்பது போல இருக்கும். நான் பிரெஞ்சை அகராதியும் கையுமாகத்தான் படிக்கிறேன். அந்த ஒலி வளையம் மட்டும் அகராதி இல்லாமலே காதில் ஏறியது. ஆங்கிலத்தில் இவ்வளவு இயைபுச் சொற்கள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஷேக்ஸ்பியருக்கு முந்தைய கவிஞரான சர்ரே பிரபு அமைத்துக்கொடுத்த வழியில், நான்கு நான்காக மூன்று பகுதி, கடைசியில் ஓர் ஈரடி, மொத்தம் ஏழு இயைபு என்று பிரித்துக்கொண்டார்கள். மரம், அந்தி, தணல் என்ற மூன்று படங்களும் அந்த மூன்று பகுதிகளில் அப்படியே பொருந்தி உட்காருகின்றன.

பாழடைந்த பாடகர் மண்டபம் என்றேன் இல்லையா? ஆங்கில அரசர் எட்டாம் ஹென்றி 1530களில் மடாலயங்களைக் கலைத்த பிறகு கூரையின்றி நின்ற சுவர்கள் அந்தக் கால ஆங்கில வாசகருக்குப் பழகிய காட்சி. பிரான்சிலோ மடங்கள் இருந்தன, அவற்றின் வருமானமும் இருந்தது. போப்போடு செய்துகொண்ட 1516 ஒப்பந்தப்படி மடத்தலைவர்களை நியமிக்கும் உரிமை பிரெஞ்சு அரசரிடம் வந்திருந்தது. பிடித்தவர்களுக்கு அவர் அந்தப் பதவியையும் வருமானத்தையும் கொடுக்கலாம். இளமையில் நோயால் பாதி செவிடாகிப் போர், தூது என்ற பாதைகள் அடைபட்ட ரொன்சார், 1543இல் உச்சித் தலையை மழித்துக்கொண்டு திருச்சபையின் கீழ்நிலை வரிசையில் சேர்ந்தார். பாதிரியார் ஆகவில்லை. தூர் நகருக்கு அருகிலுள்ள சேன்-கோம் போன்ற மடங்களின் வருமானம் அவரை வாழவைத்தது.

இரண்டு நாட்டு இலக்கிய வாழ்வும் வேறு வேறாகப் போனதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நினைக்கிறேன். மடத்து மானியம் இல்லாத லண்டனில் ஷேக்ஸ்பியர் 1594இல் ஒரு நாடகக் குழுவின் பங்குதாரரானார். கொள்ளைநோயால் அரங்குகள் மூடிக்கிடந்த காலத்தில் ஒரு பிரபுவுக்குக் காணிக்கையாக்கி நெடுங்கவிதைகளை அச்சிட்டார். சானெட்டுகளை மட்டும் நண்பர்களுக்குள் சுற்றவிட்டிருந்தார் என்று 1598இலேயே ஃபிரான்சிஸ் மியர்ஸ் என்ற எழுத்தாளர் எழுதினார். மறுஆண்டு வேறொரு தொகுப்பில் அவற்றில் இரண்டு வெளிவந்தன. 1609 நூலின் காணிக்கை வரிகள்கூட அவருடையவை அல்ல, பதிப்பாளர் தாமஸ் தார்ப்புடையவை. ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்தவரை இரண்டாம் பதிப்பு வரவில்லை.

ரொன்சார் நேர்மாறு. 1560இல் தொடங்கித் தன் முழுத்தொகுப்பை மீண்டும் மீண்டும் வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் வரிகளைத் திருத்தினார், நீக்கினார், இடம் மாற்றினார். தன் பெயரையே கவிதைக்குள் வைத்து, காதலியின் பெயரைத் தலைப்பில் ஏற்றினார். ஷேக்ஸ்பியரோ மனிதர் மூச்சுவிடும் காலம் வரை நீ வாழ்வாய் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் யார் என்று சொல்லாமலே போய்விட்டார்.

சரி, அவ்வளவு கவனம் ரொன்சாரைக் காப்பாற்றியதா? இல்லை. அடுத்த தலைமுறையின் பிரெஞ்சுக் கவிஞர் மாலெர்ப், தன்னிடமிருந்த ரொன்சார் பிரதியில் பாதிக்கு மேல் அடித்துவிட்டாராம். மீதி பிடித்ததா என்று நண்பர்கள் கேட்டதும் மீதியையும் அடித்தார் என்று அவருடைய சீடர் ரக்கான் எழுதிவைத்திருக்கிறார். 1828இல் விமர்சகர் சேன்த்-பேவ் மீட்டெடுக்கும் வரை ரொன்சார் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தார். ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளுக்கும் நல்ல கதி இல்லை. 1640இல் ஜான் பென்சன் என்ற பதிப்பாளர் அவற்றைக் கலைத்து ஒட்டி, தலைப்புகள் சூட்டி, சில இடங்களில் ஆணைப் பெண்ணாக்கி வெளியிட்டார். 1780இல் மலோன் என்ற ஆய்வாளர் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தார். 1609 பதிப்பில் இன்று எஞ்சியிருப்பவை 13 பிரதிகள்.

இரண்டு கரைகளும் ஒன்றையொன்று அறியாமல் இல்லை. ஆனால் கவிதை பெரும்பாலும் ஒரே திசையில்தான், பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு, இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தது. ரொன்சாரின் தோழரான கவிஞர் தியு பெல்லே ரோமின் இடிபாடுகளைப் பாடிய சானெட்டுகளை ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சர் 1591இல் ஆங்கிலத்தில் தந்து, இறுதியில் அவரை மனமாரப் போற்றினார்.  

எனக்கு நெருக்கமானது 73ஆம் சானெட்தான். எதிரில் இருப்பவரைப் பயமுறுத்தாமல் காலத்தைக் காட்டிய கவிதை அது. ஆனால் ரொன்சாரை எலெனோடு நிறுத்திவிடாதீர்கள், அவருடைய கடைசிக் கவிதைகள் வரை போங்கள். 1585 டிசம்பரில் சேன்-கோமில் மரணப் படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை அவை. எலெனிடம் எலும்பில்லாத ஆவியாவேன் என்றவர் இப்போது ‘என்னிடம் எலும்பு மட்டுமே மிச்சம்’ என்கிறார். சதை இல்லை, நரம்பு இல்லை, தன் கைகளைப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. அன்புத் தோழர்களே, போய்வருகிறேன், உங்களுக்கு இடம் தயார் செய்ய நான் முதலில் போகிறேன் என்று விடைபெறுகிறார். அந்த மாதம் 27ஆம் தேதி இறந்தார்.