நல்லூரில் ஒரு நாற்சார் வீட்டு விடுதி: மூன்று இரவுகள்

நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயது 78. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் ஐந்தாம் மாடி. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். போன வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு ஏசி ஹோட்டலில் தங்கினோம். அறை நல்ல சுத்தம். ஆனால் அம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. "எப்ப பிள்ளை வீட்டை போறது?" என்று நச்சரித்தபடியே இருந்தார்.

இந்த முறை கோயிலுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு பழைய நாற்சார் வீடு, நடுவில் திறந்த முற்றம் உள்ளது. இப்போது விடுதி. காலைச் சாப்பாட்டுடன் நாளுக்கு 9,500 ரூபா. வந்து இறங்கிய மத்தியானமே அம்மா முற்றத்து ஓரம் தூணில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். நாலு பக்கமும் விறாந்தை, சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், பனஞ்சிலாகைக்கு மேல் ஓடு. முற்றத்துச் சூடு மேலே போகப் போக, நிழலில் கிடக்கும் அறைக் காற்று அந்த இடத்துக்கு இழுபட்டு வருகிறது. சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, அடித்தால் சொல்லவே தேவையில்லை. முற்றம் கூட்ட வந்த அக்காவிடம், தன் தகப்பன் வீட்டு முற்றத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயவிட்ட கதையை அம்மா ஒரு மணித்தியாலம் சொன்னார். எனக்கே அது புதுக் கதை! இரண்டாம் இரவு நித்திரைக் குளிசை கேட்கவும் இல்லை. கோயில் சுற்றிய களைப்பாகவும் இருக்கலாம்.

நான் தாதி. பயிற்சிக் காலத்தில் ரொஜர் உல்ரிச்சின் 1984 ஆய்வைப் படித்திருக்கிறேன். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர்களில், யன்னலால் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடக் கெதியாக வீட்டுக்குப் போனார்களாம். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டதாம். அதைப் படித்த நானே அம்மாவைச் சுவருக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. மழைக்குப் பயந்து முற்றத்தில் பாதிக்குக் கண்ணாடித் தகடு போட்டிருக்கிறார்கள்; பின்னேரத்தில் அந்தப் பக்கம் உலை. நிலைப்படி உயரம், குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி இல்லை. விறாந்தையில் வெள்ளை டியூப் லைட் வேறு, எங்கள் வார்ட் மாதிரி. பின்வளவில் புதிதாகக் கட்டிய கொங்கிரீட் அறைகளுக்கும் இதே காசுதான், எடுக்காதீர்கள்.

முற்றத்துக்கு வாசல் உள்ள அறை நாலுதான். அடுத்த திருவிழாவுக்கு அம்மா ஒன்றைப் பிடித்தாயிற்று. மிச்சம் மூன்று.