பைண்டர் கிளிப்: மூன்று பெட்டிகள், ஓராண்டுப் பயன்பாடு

மெய்ப்புத் திருத்துகிறவர் மேசையில் எந்த நேரமும் நான்கைந்து நூல்கள் தாள் கட்டுகளாகக் கிடக்கும். ஒன்று முதல் மெய்ப்பில் இருக்கும். ஒன்று ஆசிரியரிடமிருந்து அடித்தல் திருத்தல்களோடு திரும்பி வந்திருக்கும். மற்றொன்று அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பார்வைக்குக் காத்திருக்கும். எல்லாம் ஒரே அளவு ஏ4 தாள், ஏறத்தாழ ஒரே எழுத்துரு. சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை பார்க்க முடியாது. விசிறி சுழன்றால் தாள் நிற்காது. சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள், நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்புவதற்குள் இரண்டு நூல்களின் இயல்கள் தரையில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பக்க எண் பார்த்து அடுக்கியும், 43-ஆம் பக்கம் மட்டும் இடம் மாறி மற்ற நூலுக்குள் போய், அச்சகத்துக்கே சென்றுவிட்டது. அங்கிருந்த தட்டச்சர் கவனித்துச் சொன்னதால் தப்பித்தேன். அந்த வாரமே பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் மூன்று பெட்டி பைண்டர் கிளிப் வாங்கினேன். 19 மி.மீ. அளவு 30 ரூபாய், 32 மி.மீ. அளவு 65 ரூபாய், 51 மி.மீ. அளவு 150 ரூபாய், பெட்டிக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து நாள் தவறாமல் பயன்படுத்திவந்த பிறகே இதை எழுதுகிறேன்.

இந்தக் கிளிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முக்கோணப் பட்டகம் போல் மடித்த கறுப்புத் தகடு, அதன் இரு உதடுகளிலும் மாட்டிய வெள்ளி நிறக் கம்பிப் பிடிகள், அவ்வளவுதான். பிடிகள் இரண்டையும் பின்னுக்குச் சாய்த்து விரல்களால் அழுத்தினால் வாய் திறக்கிறது. விட்டால் தகட்டின் வில்விசை தாளைக் கவ்விக்கொள்கிறது. நீண்ட பிடி நெம்புகோலாக வேலை செய்வதால், வெறும் விரலால் அசைக்க முடியாத எஃகுத் தகடு எளிதாகத் திறந்துகொடுக்கிறது. கவ்விய பிறகு பிடிகளைத் தாளின் மேல் மடித்துவிடலாம்; அப்போது கட்டு தட்டையாகி அடுக்கவும் பையில் வைக்கவும் தோதாகிறது. இந்த மடங்கும் பிடியை நான் பெரிதும் மதிக்கிறேன். திறக்கும் விசையைத் தருகிற அதே பாகம், வேலை முடிந்ததும் குறுக்கே நில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறது.

இதன் பிறப்புக்கும் என் தொழிலுக்கும் நேரான உறவு உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த லூயிஸ் பால்ட்ஸ்லி 1910-ஆம் ஆண்டில் இதை வடிவமைத்தார். காப்புரிமை 1915-இல் கிடைத்தது. அவருடைய தந்தை எட்வின் பால்ட்ஸ்லி எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர். அக்காலத்தில் கையெழுத்துப்படியின் தாள்களில் துளையிட்டு நூலால் தைத்து வைப்பார்கள். நடுவில் ஒரு தாளைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால் தையல் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். தந்தை படும் இந்தப் பாட்டைத் தீர்க்கவே மகன் இதைச் செய்தார். ஓலைச்சுவடியில் துளையிட்டு நூல் கோத்து வைத்த நம் முன்னோருக்கும், நடுவே ஓர் ஏட்டை மாற்றுவதென்றால் இதே பாடுதான் இருந்திருக்கும்.

நம் அலுவலகங்களில் தாளைச் சேர்த்து வைக்கப் பல வழிகள் பழக்கத்தில் உள்ளன. எல்லாவற்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். குண்டூசி மலிவு, ஆனால் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்புப் புள்ளியை நிலையாக விட்டுவிடும். ஜெம் கிளிப் பத்துப் பதினைந்து தாளுக்கு நல்லது. அதற்கு மேல் போனால் கம்பி விரிந்து பிடி தளர்ந்துபோகும். டேக் நூல் உறுதியானது, கோப்புக்கு ஏற்றது. ஆனால் துளை போட வேண்டும், ஒரு தாளை எடுக்க மேலுள்ள அத்தனை தாளையும் கழற்ற வேண்டும். ரப்பர் பேண்டைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. ஒரு கோடை முழுவதும் அலமாரியில் கிடந்த கட்டைப் பிரித்தபோது, ரப்பர் இளகி முகப்புத் தாளில் ஒட்டியிருந்தது. உரித்து எடுக்கையில் நூலாசிரியர் தம் கையால் எழுதிய காணிக்கை வரியும் சேர்ந்து கிழிந்தது. பைண்டர் கிளிப்பில் துளை இல்லை, பசை இல்லை. நடுத்தாளை உருவவும் புதிய தாளைச் செருகவும் இரண்டு நொடி போதும்.

எந்த அளவு எதற்கு என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 19, 32, 51 என்பன கிளிப்பின் நீளம். அது கவ்வும் கட்டின் கனம் அந்த எண்ணில் ஏறத்தாழப் பாதிதான். 32 மி.மீ. கிளிப் அதிகபட்சம் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தைக் கவ்வும். சாதாரண நகல் தாள் நூறு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டுக்கொண்டால் கடையில் குழப்பமிராது. எல்லை வரை திணிப்பது நல்லதன்று. தொடக்கத்தில் எண்பது தாள் கொண்ட கட்டுக்கு 19 மி.மீ. கிளிப்பை வலிந்து போட்டேன். ஒரு வாரம் கழித்துக் கழற்றியபோது அதன் உதடுகள் விரிந்தபடியே நின்றன, அதன்பின் பத்துத் தாளைக்கூட அது இறுக்கிப் பிடிக்கவில்லை. இப்போது ஓர் இயலுக்கு, அதாவது முப்பது நாற்பது தாளுக்கு 19. மூன்று இயல் சேர்ந்தால் 32. முழு நூலுக்கு 51 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் இயலையும் சிறு கிளிப்பில் பிடித்து, அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும்போது கிளிப்புகளை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக மாற்றி வைக்க வேண்டும். எல்லாம் ஒரே மூலையில் இருந்தால் அந்தப் பக்கம் உயர்ந்து, அடுக்கு சரிந்துவிடும்.

மேசை ஒழுங்காவதற்கு எனக்கு மிகவும் துணைநின்றது கிளிப்பின் முதுகு. அது விரலகலத் தட்டையான கறுப்புப் பரப்பு. எழுத்துப் பிழையை அழிக்கும் ஒயிட்னர் பேனாவால் அதில் நூலின் சுருக்கப் பெயரையும் மெய்ப்பின் எண்ணையும் எழுதுகிறேன்: ‘நாட்டார் – 2’, ‘சிறுகதை – 1’. கறுப்பில் வெள்ளை எழுத்து எட்ட இருந்தே தெரிகிறது. கட்டுகளை முதுகு வெளியே தெரியும்படி அலமாரித் தட்டில் நிறுத்தினால் நூலக அடுக்கைப் போலவே படிக்கலாம். வேலை முடிந்ததும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிர்ந்துவிடுகிறது, அடுத்த நூலுக்குக் கிளிப் தயார். முன்பு கேட்ட கட்டைத் தேட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட நான், இப்போது ஆசிரியர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திறந்துவிடுகிறேன்.

மின்கம்பிகளுக்கும் இது உதவுகிறது. கைப்பேசி சார்ஜர், மடிக்கணினிக் கம்பி, மேசை விளக்கின் கம்பி மூன்றும் கழற்றிய மறுகணம் மேசைக்குப் பின்னால் நழுவி விழும். குனிந்து எடுப்பது தினசரி வேலையாக இருந்தது. மேசையின் பின்விளிம்பில் ஓடும் அரை அங்குலச் சட்டத்தில் 32 மி.மீ. கிளிப் மூன்றைக் கவ்வவிட்டேன். ஒரு பிடியின் இரு கால்களையும் விரலால் நெருக்கினால் அது தகட்டிலிருந்து கழன்று வருகிறது. கம்பியை வளையத்துக்குள் விட்டுத் திரும்ப மாட்டினால், சார்ஜரின் தலை வளையத்தில் தடுத்து நின்றுகொள்கிறது. சிறிய தலையுள்ள சார்ஜர் 32 மி.மீ. வளையத்தில் நழுவியதால் அதற்கு மட்டும் 19 மி.மீ. கிளிப்பைச் சட்டத்துக்குக் கீழுள்ள மெல்லிய தகட்டில் மாட்டினேன். மேசையின் மேல்பலகை முக்கால் அங்குலம் என்றால் அதில் 32 ஏறாது. வாங்குமுன் அளவுகோலால் பலகையை அளந்துவிடுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, இறுகக் கவ்விய இடத்தில் தாளில் கோடாக ஒரு தழும்பு விழுகிறது. மெய்ப்புத் தாளுக்கு அது பொருட்டில்லை. மூலப்பத்திரம், சான்றிதழ், பழைய கடிதம் போன்றவற்றுக்கு நான் இதைப் போடுவதில்லை. போட்டே ஆகவேண்டிய நிலையில் இரு பக்கமும் மடித்த தாள் துண்டு ஒன்றை வைத்துக் கவ்வவிடுகிறேன். இரண்டாவது, துரு. ஐப்பசி மழையில் சன்னலோரம் இருந்த இரு கிளிப்புகளின் உதட்டில் வண்ணம் பெயர்ந்திருந்த இடத்தில் துரு பிடித்து, மேல்தாளில் பழுப்புக் கோடு இழுத்துவிட்டது. குண்டூசியைக் குறை சொன்ன நான் இதையும் மறைக்கக் கூடாது. வண்ணம் உரிந்த கிளிப்பை இப்போது தாளுக்குப் பயன்படுத்தாமல் அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறேன். ரவை, பருப்புப் பொட்டலங்களின் வாயை மூட அது போதும். மூன்றாவது, 51 மி.மீ. கிளிப்பின் விசை. எழுபதைக் கடந்த என் அம்மாவால் அதைத் திறக்கவே முடியவில்லை. கைநழுவி மூடினால் விரல் நன்றாக வலிக்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அளவை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

பெயர் அச்சிடாத மலிவுப் பெட்டிகளில் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. என் 19 மி.மீ. பெட்டியில் இரண்டு கிளிப்புகளின் உதடுகள் கோணலாகப் பொருந்தி, ஒரு முனையில் இடைவெளி விட்டிருந்தன. கடையில் பெட்டியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள், தடுக்க மாட்டார்கள். ஒரு கிளிப்பை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உதடுகளுக்கிடையே ஒளிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒற்றைத் தாளைக் கவ்வவிட்டுத் தாளின் மறுமுனையைப் பிடித்து உதறுங்கள். ஒற்றைத் தாளிலிருந்து நழுவாத கிளிப் நாற்பது தாளிலும் நழுவாது.

பேனா, கத்தரி, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் அறை வைத்த பிளாஸ்டிக் மேசைப்பெட்டி ஒன்றையும் முன்னர் நானூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அது பேனாக்களுக்கு நல்ல வீடாக இருக்கிறது. ஆனால் என் மேசையில் இடத்தை அடைத்தவை தாள்களும் கம்பிகளும்தான், அவற்றுக்கு அதில் இடமில்லை. தாளோடு மிகுதியாகப் புழங்குபவர்கள், அதாவது விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள், கணக்கு எழுதுபவர்கள், ஆய்வு மாணவர்கள் முதலில் 32 மி.மீ. பெட்டி ஒன்றை வாங்கிப் பாருங்கள், 51 மி.மீ. பெட்டியில் பன்னிரண்டும் தேவைப்படாது, சில்லறையாக நான்கு வாங்கினால் போதும். நான் வாங்கிய முப்பத்தாறில் இன்று இருபத்தெட்டு கையில் இருக்கின்றன. மற்றவற்றுள் சில பழுதானவை, சில தாள் கட்டுகளோடு ஆசிரியர்களின் வீட்டுக்குப் போனவை. அடுத்த முறை ஆண்டர்சன் தெருவுக்குப் போகும்போது, படத்தாள்களை நாலைந்தாகப் பிடித்துவைக்க 15 மி.மீ. பெட்டி ஒன்றும் வாங்க வேண்டும்.