கிளியரிங் அலுவலகத்தில் அறிவு முகாமைத்துவம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

2022 நெருக்கடியில் கொழும்பில் பல அலுவலகங்களைப் போல எங்களிடமிருந்தும் ஆட்கள் வெளிநாடு போனார்கள். புறக்கோட்டைப் பக்கம் சுங்கக் கிளியரிங், அதாவது சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் வேலை, செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. எந்தப் பொருளுக்கு எந்த எச்.எஸ். குறியீடு (பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச சுங்க எண்), எந்தச் சரக்குக்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் எடுக்க வேண்டும் என்ற விபரமெல்லாம் போனவர்களின் தலையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்தக்கூடிய மீடியாவிக்கி என்ற மென்பொருளைப் போட்டோம். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

மென்பொருள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விக்கிப்பீடியா ஓடுவதும் இதில்தான். இலவசம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகிவிடும்.

இது நிலைத்ததற்குக் காரணம் முகாமையாளர் செய்து தந்த ஏற்பாடுகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்ற திகதியும் பக்கத்தின் மேலேயே இருக்கும். எங்கள் தொழிலில் பழைய குறிப்பு ஆபத்தானது. எச்.எஸ். பட்டியலை உலக சுங்க அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. 2022 ஜனவரி 1இல் ஒரு பதிப்பு வந்தது, அடுத்தது 2028 ஜனவரியில். இடையில் வர்த்தமானி ஒன்று வந்தாலே வரி மாறிவிடும். பொறுப்பாளர் இல்லாத பக்கத்தை நம்பி கஸ்டெக் (சுங்கப் பிரகடனப் படிவம்) நிரப்புவதைவிட, அந்தப் பக்கமே இல்லாமல் இருப்பது நல்லது என்பேன்.

அப்புறம் நேரம். வேலை முடிந்த பிறகு எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. வேலை நேரத்துக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கினார்கள், வருட இறுதி மதிப்பீட்டிலும் சேர்த்தார்கள். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலையைப் பார்க்கும் எங்கள் மூத்த வார்ஃப் கிளார்க், "தம்பி, எழுதச் சொன்னா எனக்கு வராது, கேட்டா சொல்லுறன்" என்றார். எனவே புதியவர்களை அவரோடு துறைமுகத்துக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் அவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுகிறார்கள். அனுபவ அறிவு கூடவே இருந்து வேலை செய்யும்போதுதான் கைமாறும் என்று ஜப்பானிய முகாமைத்துவ அறிஞர் இக்குஜிரோ நொனாகா விளக்கியதை இங்கே கண்ணால் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் மிக நல்ல பக்கங்கள் இப்படி வந்தவைதான்.

மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க, தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015 பதிப்பு உதவும். நிறுவன அறிவைப் பேணுவது அதில் 7.1.6ஆம் பிரிவிலேயே வருகிறது. அறிவு முகாமைத்துவத்துக்கென்றே 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 30401 தலைமை, பொறுப்புகள், பண்பாடு என்று போகிறது. சான்றிதழ் எடுக்காவிட்டாலும் வாசிக்கலாம்.

வட்ஸ்அப்பைத்தான் இன்னும் வெல்ல முடியவில்லை. அவசரக் கேள்விகள் எல்லாம் அங்கேதான். பதில் சொல்பவர் விக்கிப் பக்கத்தின் இணைப்பையும் போட வேண்டும் என்ற விதி ஓரளவு வேலை செய்கிறது.

இன்னொன்று, மீடியாவிக்கி பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பு உரிமையைக் கட்டுப்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. வாடிக்கையாளர் கட்டண விபரங்களை அதில் போடாதீர்கள், வேறிடத்தில் வையுங்கள்.