வீட்டுக்குள்ள ரோஜா: பன்னீரா, பட்டனா?

மதுரைல நம்ம வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு, மொட்டைமாடி இல்லாதவங்க ஜன்னலோரம் ரோஜா வைக்கணும்னா எது வாங்குறதுன்னு கேக்குறாங்க. ரெண்டையும் வளர்த்திருக்கேன்.

பன்னீர் ரோஜா வாசத்துக்கு ஈடே கிடையாது, காலைல பூத்தா ரூமே மணக்கும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல உதிரியா குவிச்சு வச்சிருப்பாங்களே அதே வாசம். ஆனா செடி ஆளுயரத்துக்கு முள்ளோட படர்ந்து வளரும், 12 இஞ்ச் தொட்டியாவது வேணும், ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் இல்லன்னா வெறும் இலையாத்தான் நிக்கும். இதை வீட்டுக்குள்ள அடைக்கிறது பாவம்ங்க.

பட்டன் ரோஸ் ஒண்ணு ஒண்ணரை அடி தான், 6 இஞ்ச் இல்லன்னா 8 இஞ்ச் தொட்டி போதும், கிழக்கு ஜன்னல்ல 4, 5 மணி நேர வெயிலுக்கே ஓரளவு பூக்கும். வாசம் பெரும்பாலும் இருக்காது, அது எனக்குப் பெரிய குறைதான்.

அப்புறம் செம்பேன், இலைச் சாறை உறிஞ்சுற கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டிப் பேன். சித்திரை வெயில்ல வீட்டுக்குள்ள காத்து காஞ்சு கிடக்கும்போது ரெண்டுலயும் வரும், பட்டன்ல ஜாஸ்தி. இலைக்கு அடியில சின்ன புள்ளியா, மெல்லிசா நூலாம்படை மாதிரி தெரிஞ்சா உடனே செடியைப் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய் இலையோட அடிப்பக்கம் நல்லா தண்ணி பீய்ச்சி கழுவுங்க, நாலு நாளைக்கு ஒருதடவை, ரெண்டு வாரம். சின்னச் செடிங்கறதால பட்டனைத் தூக்குறது ஈஸி, பன்னீர் தொட்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்.

வெயில் விழுற பால்கனி இருந்தா பன்னீர், ஜன்னல் மட்டும்தான்னா கண்ணை மூடிட்டு பட்டன் வாங்குங்க.